கொதிக்கவிடக் கூடாத குழம்பு

1

ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பது. இங்கே அது நடைபாதையில் கண்ணாடித் தகடுபோல் உறைந்து கிடக்கிறது. நிறம் இல்லாததால் கால் வைக்கும்வரை தெரியாது. அப்படிக் கால் வைத்து, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் வாசலிலேயே வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஐந்து வருஷமாகப் பிறருக்குக் கட்டுப் போட்ட அதே அறையில் என்னை உட்காரவைத்து, முழங்கைவரை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

இங்கிலாந்தின் வடக்கே, ஆலைப் புகைபோக்கிகள் நிறைந்த ஒரு நகரத்தில் இருக்கிறோம். நான் நர்ஸ். என் கணவர் ஜெயராஜ் பஸ்ஸில் கண்டக்டர். விருதுநகரில் பி.ஏ. படித்துவிட்டு, ஒரு பருப்பு மண்டியில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எங்கள் மகள் மெர்ஸிக்கு ஏழு வயது. இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை.

இங்கே வந்தபிறகு நானும் அவரும் பேசியதைவிட எழுதிக்கொண்டதுதான் அதிகம். நான் டூட்டி முடிந்து வரும்போது அவர் பஸ்ஸுக்குப் போயிருப்பார். அவர் வரும்போது நான் கிளம்பியிருப்பேன். சமையலறை மேஜையில், உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். 'பால் இருக்கிறது.' 'மெர்ஸிக்கு இருமல்.' 'நிலக்கரிக்காரன் வருவான், கதவைத் திற.' எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டுமே.

கை உடைந்ததும் முதலில் வந்தது காகிதத் தொல்லை. நோயாளி என்பதற்கு வாராவாரம் டாக்டரிடம் சீட்டு வாங்கி ஓர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? வந்த புதிதில் என் இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை அதில் எழுதியிருந்தேன். அதன் பலன் இப்போது வந்தது. 'அன்புள்ள திரு. செல்லையா, உங்கள் மணிக்கட்டு குணமாகி எப்போது வேலைக்குத் திரும்புவீர்கள்?' என்று கேட்டுக் கடிதம். அப்பா விருதுநகரில் ஓய்வு பெற்ற வாத்தியார். இராமேஸ்வரம் தாண்டிக் கடலைப் பார்த்தவர் இல்லை. ஜெயராஜ் அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான், ஒன்றாக உட்கார்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தேன்.

2

முதல் நாலு நாள் ரொட்டியும் டப்பாவில் வரும் அவரைக்கொட்டையும்தான். மெர்ஸிக்கு ஒரே கொண்டாட்டம். எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் அவர் கேட்டார்.

"ரத்தினம், உனக்கு என்னதான் வேணும்? சொல்லு, செய்யறேன்."

"மோர்க்குழம்பு" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வீட்டில் தயிர் இருந்தது. அந்தத் தயிர் வந்த கதையை ஊரில் இருப்பவர்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள். வந்த வருஷம் கடைக்குப் போய், படித்த இங்கிலீஷில் 'கர்ட்' வேண்டும் என்றேன். கடைக்காரர் சிரித்த முகத்தோடு மஞ்சளாக ஒரு பாட்டிலைக் கொடுத்தார். தயிர் பழசாகிவிட்டது போலும், புளித்ததும் நல்லதுதான் என்று வாங்கி வந்துவிட்டேன். மிளகாயும் சீரகமும் அரைத்துக் கலக்கி அடுப்பில் வைத்தால் பாயசம்போல் இனிக்கிறது. எலுமிச்சம்பழத்தில் சர்க்கரையும் முட்டையும் சேர்த்து ரொட்டிக்குத் தடவுவதை இங்கே அந்தப் பெயரால்தான் சொல்வார்கள் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

பால் கிடைக்கிறது, உறை ஊற்ற ஒரு சொட்டு மோர் கிடையாது. கடைசியில் அப்பா அனுப்பிய வற்றல் மிளகாய்ப் பார்சல்தான் கை கொடுத்தது. சுங்கத்தில் பிரித்துப் பார்த்து, திரும்ப ஒட்டி, 'பொருளின் தன்மையை விளக்குக' என்று ஒரு படிவத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். பிரித்த ஆள் எத்தனை தும்மல் போட்டாரோ! அந்த மிளகாயில் நாலைந்தைக் காம்போடு வெதுவெதுப்பான பாலில் போட்டு, கம்பளியில் சுற்றிக் கணப்புப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் வழவழவென்று அரைகுறையாக உறைந்தது. அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் ஊற்றினேன். அது தயிராகவே உறைந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் தயிர் தொடர்ந்து வருகிறது.

மெர்ஸிக்கு அந்தக் குழம்பு ஆகாது. தாளிக்கும் வாசம் கோட்டில் ஏறிவிடுமாம். பள்ளியில் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்களாம். நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அன்றும் குழம்பு என்ற சொல்லைக் கேட்டதும் கோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

நாற்காலியில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். ஊறவைத்த துவரம்பருப்பு, சீரகம், கொஞ்சம் இஞ்சி, காய்ந்த தேங்காய்த் துருவல், மிளகாய் எல்லாம் ஒன்றாக அரைபட்டன. மோரில் கலக்கினார். மஞ்சள் போட்டார். யாரோ கதவைத் தட்ட, யாரென்று பார்க்க நான் எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் தனியாகவும், தயிர் சிறுசிறு கட்டியாகவும் பிரிந்துவிட்டன.

"கொதிக்காம எப்படி ரத்தினம் குழம்பாகும்?" என்றார் கரண்டியும் கையுமாக.

கோபம் வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் கேள்வி, ஏறக்குறைய அதே சொற்களில், முன்பே ஒருமுறை என் காதில் விழுந்திருந்தது. கேட்டவர் பெயர் குருசாமி. இடம், சிவகாசிப் பக்கம் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரி.

3

ஐம்பதுகளின் கடைசி. படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும். பட்டாசுக் கம்பெனிகளில் சீசன். ஒரு மத்தியானம் லாரியில் போட்டு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் சீனியம்மாள், முப்பது வயதிருக்கும். வெடியில் மருந்து திணிக்கும்போது உரசிப் பற்றிவிட்டது. முகம் தப்பித்தது. இரண்டு கையும் முழங்கைவரை வெந்திருந்தன. வலது கை ரொம்ப மோசம்.

கூட வந்த பெண்கள்தான் சேதி சொன்னார்கள். சீனியம்மாள் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊர். சொந்தத்தில் கரிசல் காடு உள்ள குடும்பம். இரண்டு வருஷமாக மழை இல்லை. பருத்தியும் கம்பும் கருகிப்போயின. அவள் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்றாள். புருஷன் குருசாமி, நம் வீட்டுப் பொம்பளை அடுத்தவனிடம் கூலிக்குப் போவதா என்று தடுத்தார். மீறிப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது. ஐந்து மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

குருசாமி மறுநாள் காலையில் வந்தார். நெடுநெடுவென்று உயரம். வார்டுக்குள் வராமல் ஜன்னலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்துகொண்டார். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காயத்தைவிட அவள் சாப்பிடாததுதான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. கஞ்சி வேண்டாம், பால் வேண்டாம், முட்டை வேண்டாம். மூன்று நாள் இப்படி. வார்டைப் பார்க்க வந்த டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "இப்படியே போனால் புண் ஆறாது, சீழ் வைத்தால் வலது கையை எடுக்க வேண்டிவரும், எப்படியாவது சாப்பிடவை" என்றார்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். "என்ன குடுத்தா ரெண்டு வாய் சாப்பிடுவீக? சொல்லுங்கம்மா."

சுவரைப் பார்த்தபடியே, "நாக்கு செத்துப்போச்சு சிஸ்டர். மோர்க்கொளம்பா இருந்தா கொஞ்சம் எறங்கும்" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். உட்கார்ந்திருந்த ஆளைக் காணவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. நோயாளிகளின் சொந்தக்காரப் பெண்கள் மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்குவார்கள். அங்கேதான் போயிருக்கிறார். யாரிடமோ மோர் வாங்கி, யாரிடமோ சட்டி வாங்கி, அங்கே கிடந்த அம்மியில் எதையோ அரைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தூக்குவாளியோடு வார்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரக் கூச்சம். நான்தான் வாங்கிக்கொண்டுபோய்த் திறந்து காட்டினேன்.

சீனியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இதென்ன சிஸ்டர், திரிஞ்சுபோய்க் கெடக்கு? கொதிக்க விட்டீகளான்னு கேளுங்க."

நான் வாசல் பக்கம் திரும்புவதற்குள் பதில் வந்தது. "கொதிக்காம எப்படிக் கொளம்பாகும்னு கேளுங்க சிஸ்டர்."

"மோர்க்கொளம்பு கொதிக்கப்படாதுன்னு சொல்லுங்க. நுரை கட்டி வரையில எறக்கிரணும்."

"நுரை எம்புட்டுக் கட்டணும்னு கேளுங்க."

இருவருக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. நான் ஒரு சொல்கூடப் பேசாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரிகள் போர்வைக்குள் சிரித்தார்கள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் குழம்பு பிரியவில்லை, ஆனால் உப்பில்லை. அதற்கடுத்த நாள் புளிப்பு தாங்கவில்லை. நான் ஊட்டும் இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டு, "பருப்பு ஊறலை", "சீரகம் கூடிப்போச்சு" என்று என் வழியாகச் சொல்லியனுப்பினாள். கொட்டகையில் பெண்கள் அவரைக் கேலி செய்யாத நாளில்லை. "மாமா, சோத்துக்கு வெஞ்சனம் என்ன இன்னைக்கி?" என்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் அரைத்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் நாள் அவர் வார்டுக்குள் வந்துவிட்டார். தூக்குவாளியை என்னிடம் நீட்டிவிட்டு, வலது உள்ளங்கையை விரித்து ஊதிக்கொண்டே நின்றார். அன்று மிளகாயைக் கூடுதலாக வைத்து, அரைத்ததைக் கையாலேயே வழித்திருக்கிறார். கை சிவந்து கிடந்தது. சீனியம்மாள் அதைப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"எரியுதா?"

"எரியுது. நாலு தண்ணியில களுவியும் போகலை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுப் போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் அந்தக் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கே எனக்கு உசுரு போகுது. நீ எப்படிளா தாங்குன?" என்றார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அளுகாதீக. எல்லாரும் பாக்காக" என்றாள் அவள். பிறகு, "அந்தச் சோத்துல ஊத்துங்க. பசிக்கி" என்றாள்.

அவர்தான் பிசைந்து ஊட்டினார். மிளகாய் எரிந்த கை என்பதால் ஒவ்வொரு வாய்க்கும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

இரண்டு மாதம் இருந்தாள். கையை எடுக்க வேண்டிவரவில்லை. ஆனால் வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. தினமும் துணிப்பந்தைப் பிடித்துப் பழக வேண்டும், ஒருவேளை சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினோம். "அவ ஒண்ணும் செய்ய வேண்டாம் சிஸ்டர், நான் பொங்கிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் குருசாமி.

4

இங்கே எங்கள் வீட்டில் இரண்டாம் முறை குழம்பு பிரியவில்லை. உப்பும் சரியாக இருந்தது. மெர்ஸி மட்டும் தட்டைத் தள்ளிவைத்தாள். ஜெயராஜ் தம் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி டெப்போவில் எழுதிக்கொடுத்திருந்தார். அதற்கும் ஒரு படிவம், மூன்று கையெழுத்து. எனக்குக் கட்டு இருக்கும்வரை காலை பஸ் மட்டும் போதும் என்று தந்தார்கள்.

அதனால் சாயங்காலங்களில் வீட்டில் இருந்தார். நான் நாற்காலியிலும் அவர் அடுப்படியிலுமாக ஒருமணி நேரம் போகும். சமையலைப் பற்றித்தான் தொடங்குவோம். பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். பஸ்ஸில் தினமும் ஏறும் ஒரு கிழவர் இவருடைய பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டிருப்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மேற்பார்வையாளர் ஒருவர் இவரை மட்டும் மழையில் நிறுத்திவைத்ததையும் சொன்னார். அது நடந்து ஒரு வருஷமாகிவிட்டதாம்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சீட்டுல எழுதிவைக்கவா?" என்றார், மிளகாயின் காம்பைக் கிள்ளிக்கொண்டே.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் சீனியம்மாளைப் பார்க்க ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நான் போன ஒரு நாளை நினைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

5

இங்கே வருவதற்கு முந்தைய வருஷம். நான் விருதுநகரில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தேன். வெளிநாட்டுக் காகிதங்களுக்காக, பழைய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டியிருந்தது. காலையிலேயே போய்விட்டேன். கையெழுத்துப் போட வேண்டியவர் மாலையில்தான் வருவார் என்றார்கள். நடுவில் இருந்த நேரத்தை என்ன செய்வது? சீனியம்மாளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன்.

விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பொழுது. குருசாமி முற்றத்தில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏ புள்ள, யாரு வந்திருக்காக பாரு!" என்று கூவினார். தெருவில் போனவர்கள் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆம்பிளை அம்மியில் அரைப்பது பழகிப்போயிற்று போலும்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்காரவைத்துவிட்டார்கள். வெண்டைக்காய் போட்ட மோர்க்குழம்பு. இரண்டு வருஷத்தில் சமையலில் அவர் கை நன்றாகத் தேறியிருந்தது. நான் சாப்பிட்டு முடித்ததும் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். நர்ஸ் புத்தி போகுமா? "கையைக் காட்டுங்கம்மா" என்று சீனியம்மாளின் வலது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். எல்லாம் மடங்கின. என் விரலைப் பிடிக்கச் சொன்னேன். இறுக்கிப் பிடித்தாள்.

"சரியாயிருச்சே! அரைக்கலாம், பொங்கலாம், எல்லாம் செய்யலாமே!"

அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"மெதுவாச் சொல்லுங்க சிஸ்டர். அவுகளுக்குத் தெரியாது."

"ஏன்?"

கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அவுக அரைக்கையில நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டிருப்பேன். அப்பத்தான் நாங்க பேசுறது. காட்டுல என்ன நடந்துச்சு, எவன் என்ன சொன்னான், எல்லாம் அப்பத்தான் சொல்லுவாக. கலியாணம் ஆன நாள்லேருந்து இம்புட்டுப் பேசுனதில்லை சிஸ்டர். கை சரியாயிருச்சுன்னு தெரிஞ்சா காட்டுக்குப் போயிருவாக. பேச்சும் போயிரும்."

சரி என்று தலையாட்டினேன். பொய் சொல்வது தப்பு என்று ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

பஸ் நிற்கும் இடம்வரை குருசாமி வழியனுப்ப வந்தார். இரண்டு பக்கமும் வெறுங்காடு. தூரத்தில் கம்பெனிக் கட்டடங்கள் தள்ளித்தள்ளி நின்றன. பஸ் வருகிற தூசி தெரிந்தபோது அவர் கேட்டார்.

"அவ கையைப் பாத்தீகளே சிஸ்டர். எப்படி இருக்கு?"

நான் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சொல்ல வேண்டாம் சிஸ்டர். எனக்குத் தெரியும். போன கார்த்திகையில காளைக்குப் புதுசா ஒரு கயிறு முறுக்கிப் போட்டிருந்தா. ஒத்தக் கையால கயிறு முறுக்க முடியுமா? நான் கேக்கலை. நீங்களும் எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிராதீக."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அவர் வேகமாக வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். அன்று மாலை எனக்குச் சான்றில் கையெழுத்துக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை.

6

நேற்றுப் பள்ளி விட்டதும் மெர்ஸியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டை அறுத்து எடுத்தார்கள். கை மெலிந்து, வெளிறி, வேறு யாருடைய கையோபோல் இருந்தது. டாக்டர் விரல்களை மடக்கச் சொன்னார். மடக்கினேன். திங்கட்கிழமையிலிருந்து வார்டுக்கு வரலாம் என்று எழுதிக் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது அந்தக் காகிதத்தைக் கைப்பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். நான் வேலைக்குப் போகிறேன் என்றால் டெப்போவில் அவரைப் பழையபடி மாலை பஸ்ஸுக்கு மாற்றிவிடுவார்கள். இன்னும் இரண்டு வாரம் வலிக்கிறது என்று சொன்னால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? சீனியம்மாளால் முடிந்தது என்னாலும் முடியும் என்று ஒரு நிறுத்தத்தில் நினைப்பேன். அடுத்த நிறுத்தத்தில், வார்டில் எனக்குப் பதிலாக இரட்டை டூட்டி பார்க்கும் பெண்களின் முகம் நினைவுக்கு வரும்.

ஒரு முடிவுக்கும் வராமலே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் மெர்ஸி எனக்கு முன்னால் சமையலறைக்குள் ஓடினாள். "டாடி, மம்மியோட கை சரியாயிருச்சு! மண்டே வேலைக்குப் போறாங்க!" என்று கத்தினாள். எங்களிடம் அவள் தமிழில் பேசி மாதக்கணக்காகிறது. அந்த நாளில் அந்தச் சேதியைத்தானா தமிழில் சொல்ல வேண்டும்!

ஜெயராஜ் அடுப்பின் முன் நின்றிருந்தார். முதுகுதான் தெரிந்தது. சட்டியில் மோர் சூடேறிக்கொண்டிருந்தது. திரும்பாமல் மோரைக் கிண்டிக்கொண்டேயிருந்தார்.

"கடுதாசி குடுத்துட்டாங்களா?" என்றார்.

"குடுத்துட்டாங்க."

"சரி. அதை மேஜையில வை. டெப்போவுல நாளைக்கே சொல்றேன். காலை பஸ்ஸே நிரந்தரமா வேணும்னு கேக்கப் போறேன். தந்தாத் தரட்டும், தராட்டி வேற வேலை பாக்கறேன்." கரண்டியை நிறுத்தாமல் சொன்னார். பிறகு இடது கையால் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டார். "இப்ப இங்கன உக்காரு. நுரை கட்டப் போகுது. என்ன செய்யணும்னு சொல்லு."

உட்கார்ந்தேன். "தீயைக் குறைங்க" என்றேன்.

ஏற்கெனவே குறைத்துத்தான் வைத்திருந்தார். இருந்தாலும் குனிந்து, இன்னும் கொஞ்சம் குறைத்தார்.